டாக்டர் ஹூ கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்: வில்லன் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. 2025 மே வரை ஒளிபரப்பான எல்லாக் கதைகளின் முடிவும் இங்கே உடைத்துப் பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்த ஸ்பெஷலைப் பற்றிப் பேசுகிறோம்?

2025 அக்டோபர் இறுதியில் பி.பி.சி. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. டிஸ்னி பிளஸ் உடனான கூட்டு முடிந்தது, 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு டாக்டர் ஹூ ஸ்பெஷல் வரும், எழுதுவது ரஸ்ஸல் டி. டேவிஸ். வில்லன் பற்றிய பேச்சு அன்றே தொடங்கிவிட்டது.

அதற்கு முந்தைய கதை 'தி ரியாலிட்டி வார்', 2025 மே 31 அன்று வந்தது. ஷூட்டி கட்வா நடித்த டாக்டர் அதன் கடைசி நிமிடத்தில் உருமாறினார். வந்து நின்ற முகம் பில்லி பைப்பருடையது. 2005இல் டாக்டரின் தோழி ரோஸ் டைலராக நடித்த அதே பில்லி பைப்பர். ஊகங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு காட்சியிலிருந்துதான் கிளம்புகின்றன.

தொடரையே பார்த்ததில்லை. இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

1963 நவம்பர் 23 முதல் வரும் பிரிட்டிஷ் தொடர். டைம் லார்ட் இனத்தைச் சேர்ந்த ஒருவர், டாக்டர் என்று பெயர், டார்டிஸ் என்ற நீலப் பெட்டியில் காலத்துக்குள் சுற்றுகிறார். சாகும் நிலை வந்தால் உடலும் முகமும் மாறி வேறொருவராக எழுந்து வருவார். இது வில்லன்களுக்கும் பொருந்தும் என்பதுதான் நமக்கு முக்கியம். டைம் லார்ட் வில்லன் எந்த நடிகரின் முகத்திலும் திரும்பி வரலாம். அதனால் புதிதாக ஒரு நடிகை ஒப்பந்தமானாலே ரசிகர்கள் பூதக்கண்ணாடியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

இப்போது யார் யார் பெயர் அடிபடுகிறது?

முதல் பெயர் மிஸஸ் ஃப்ளட். அனிட்டா டாப்சன் நடித்த, பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரி 2023 கிறிஸ்துமஸில் அறிமுகமான பாத்திரம். அவர்தான் எண்பதுகளில் வந்த டைம் லார்ட் வில்லி 'ராணி' என்று 2025இல் தெரிந்தது. 'தி ரியாலிட்டி வார்' கதையில் ஆர்ச்சி பஞ்சாபி நடித்த ராணியின் இன்னொரு உருவத்தை, பழங்கால டைம் லார்டான ஓமேகா விழுங்கிவிட, டாப்சனின் ராணி மட்டும் தப்பி ஓடினார். வில்லியைக் கொல்லாமல் ஓடவிட்டால் திரும்பி வரப்போகிறார் என்று யாரும் நினைக்கத்தான் செய்வார்கள்.

இரண்டாவது மாஸ்டர், டாக்டரின் பரம எதிரியான இன்னொரு டைம் லார்ட். 2023 டிசம்பர் 9 அன்று வந்த 'தி கிகிள்' கதையில், மாஸ்டரைச் சூதாட்டத்தில் வென்று தன் தங்கப்பல்லுக்குள் அடைத்து வைத்திருப்பதாக, விளையாட்டுகளால் ஆட்டிப்படைக்கும் டாய்மேக்கர் என்ற வில்லன் சொல்கிறார். டாய்மேக்கர் ஒழிந்தபின் தரையில் கிடக்கும் அந்தப் பல்லை, சிவப்பு நகப்பூச்சு போட்ட ஒரு கை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பின் வந்த இரண்டு சீசன்களிலும் அந்தக் கை யாருடையது என்று சொல்லவில்லை. இந்தக் கையைப் பற்றிக் கீழே இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, பில்லி பைப்பரே. இது கொஞ்சம் யோசிக்க வைக்கிற ஊகம். முகம் மாறும் கதைகளில் முடிவு எழுத்துகளில் இன்னார் 'டாக்டராக' அறிமுகம் என்று போடுவது வழக்கம். இந்த முறை பில்லி பைப்பர் அறிமுகம் என்று மட்டும் போட்டு நிறுத்திவிட்டார்கள். டாக்டராக என்ற சொல் இல்லை. அப்படியானால் அங்கே நிற்பது டாக்டரே இல்லையோ, டாக்டரின் உடலைப் பிடித்துக்கொண்ட வேறு ஏதாவதோ என்று ஒரு கூட்டம் வாதாடுகிறது. 2005இல் ரோஸுக்குள் புகுந்த 'பேட் வுல்ஃப்' சக்தியும், 2013இல் அதே முகத்தோடு வந்த 'தி மொமெண்ட்' ஆயுதமும் இவர்கள் கையில் உள்ள சாட்சிகள்.

ஓமேகா, அண்மை சீசன்களில் வில்லன்களாக வந்த கடவுள்கள் கூட்டத்தில் மிச்சம் இருப்பவர்கள் என்று மற்ற பெயர்களும் உண்டு. டாக்டரின் பேத்தி சூசனையும் சிலர் வில்லியாக்கிப் பார்க்கிறார்கள். 1963இல் அந்தப் பாத்திரத்தில் நடித்த கேரல் ஆன் ஃபோர்டே 2025 சீசனில் சில நொடிகள் தோன்றிவிட்டு, எதற்கு வந்தார் என்று சொல்லாமலே போனார். பாவம், அவரை விட்டுவிடலாம்.

ஒவ்வொரு முறையும் ராணி பெயர் ஏன் வருகிறது?

இதுதான் இந்த ரசிகர் கூட்டத்தின் மிகப் பழைய வியாதி. ராணி என்ற டைம் லார்ட் விஞ்ஞானியாகக் கேட் ஓமாரா முறையாக நடித்தது இரண்டே கதைகளில், 1985இல் ஒன்று, 1987இல் ஒன்று. 1993இல் ஒரு நற்பணி நிகழ்ச்சிக்காகச் சின்னத் துண்டு ஒன்று. அவ்வளவுதான். மாஸ்டர் மாதிரி டாக்டர் மேல் வெறி பிடித்தவர் கிடையாது. அவருக்கு டாக்டர் ஓர் இடைஞ்சல், மனிதர்கள் ஆய்வகத்து எலிகள். எழுதுவதற்கு அருமையான பாத்திரம்தான், ஆனால் அந்நாளில் தொடரில் இரண்டு கதைகளுக்கு மேல் யாரும் எழுதவில்லை.

2005இல் தொடர் திரும்ப வந்தபின், கெட்ட எண்ணத்தோடு சிரிக்கும் நடுவயதுப் பெண் யார் வந்தாலும் அவர் ராணிதான் என்று ஊகம் கிளம்பியது. 2007 சீசனின் கடைசியில் மாஸ்டரின் சிதையிலிருந்து மோதிரத்தை எடுத்த பெண் கை ராணியின் கை என்றார்கள். 2009 கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் பார்த்தால் அது ஒரு சிறைக் காவலரின் கை. 2011இல் கண்ணில் பட்டை போட்டு வந்த மேடம் கோவேரியனை ராணி என்றார்கள். இல்லை. 2014இல் மிஷெல் கோமெஸ் மிஸ்ஸி என்ற பெயரில் வந்தபோதும் ராணிக்குப் பலமான ஆதரவு இருந்தது. நவம்பர் 1 அன்று வந்த கதையில் அவர் மாஸ்டரின் பெண் உருவம் என்று தெரிந்தது.

மிஸஸ் ஃப்ளட் வந்தபோதும் அதே பெயர் சொல்லப்பட்டது. அனுபவசாலிகள் சிரித்தார்கள். 2025 மே 17 அன்று, 'தி இன்டர்ஸ்டெல்லர் சாங் கான்டெஸ்ட்' கதையின் முடிவு எழுத்துகளுக்கு நடுவே, அவர் ராணியேதான் என்று தெரிந்தது. இருபது வருடம் எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்த சாவி கடைசியில் ஒன்றைத் திறந்துவிட்டது.

ரசிகர்களின் கணிப்புத் திறனுக்கு இதைச் சான்றாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டேவிஸ் இந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர். 1996இலேயே டாக்டர் ஹூ நாவல் எழுதியவர். ராணி ஊகம் ஒரு நகைச்சுவையாகிவிட்டது அவருக்கு நன்றாகவே தெரியும். நாம் அவர் மனதைப் படித்தோம் என்பதைவிட அவர் நம் பழக்கத்தை எடுத்துக் கதையாக்கினார் என்றுதான் நான் நினைக்கிறேன். தங்கப்பல்லை எடுத்த அந்தச் சிவப்பு நகக் கையும் 2007 மோதிரக் காட்சியின் நேரடிப் பிரதி. எழுதியவர் இரண்டு முறையும் அவரே.

பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வில்லன் வந்துவிடுவானாமே?

வந்த காலம் ஒன்று உண்டு. எண்பதுகளில் மாஸ்டராக நடித்த ஆன்டனி எய்ன்லியின் வருகையை மறைக்க, நடிகர் பட்டியலில் பொய்ப் பெயர் போடுவார்கள். 1982இல் வந்த 'காஸ்ட்ரோவால்வா' கதைக்கு நீல் டாய்னே என்று போட்டார்கள். ஆங்கிலத்தில் அதன் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் டோனி எய்ன்லி. 1983இல் 'தி கிங்ஸ் டீமன்ஸ்' கதைக்குப் போட்ட பெயர் ஜேம்ஸ் ஸ்டோக்கர். அதைக் கலைத்தால் 'மாஸ்டரின் ஜோக்' என்று வரும். ரசனையான ஆட்கள்.

அந்த ருசி ரசிகர்களை விடவில்லை. 2007இல் மிஸ்டர் சாக்ஸன் என்ற பெயரைக் கலைத்து 'ஆறாம் எண் மாஸ்டர்' என்று கண்டுபிடித்தார்கள். பாத்திரம் மாஸ்டர்தான், ஆனால் அந்த எழுத்துப் பொருத்தம் தற்செயல் என்று டேவிஸ் சொன்னார். விடை சரி, வழி தப்பு.

இந்தப் பழக்கத்துக்குச் சரியான அடி விழுந்தது 2024இல். சூசன் டிரையட் என்ற தொழில்நுட்ப நிறுவன முதலாளி வருகிறார். எஸ். டிரையட் என்பதைக் கலைத்தால் டார்டிஸ். பெயரோ சூசன். போதாக்குறைக்கு நடித்தவரின் உண்மையான பெயர் சூசன் ட்விஸ்ட், அவர் அந்த சீசன் முழுக்க வேறு வேறு வேடத்தில் தலைகாட்டிக்கொண்டே இருந்தார். டாக்டரின் பேத்திதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஜூன் 15 அன்று வந்த 'தி லெஜண்ட் ஆஃப் ரூபி சண்டே' கதையில், பாத்திரங்களே அந்த எழுத்து விளையாட்டைக் கண்டுபிடித்துப் பேசுகிறார்கள். டாக்டரும் பேத்தியாக இருக்குமோ என்று ஏங்குகிறார். எல்லாம் தூண்டில். சூசனைச் சுருக்கி 'சூ', டெக்னாலஜியைச் சுருக்கி 'டெக்', சேர்த்தால் சூடெக். 1975இல் 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் வந்த எகிப்தியச் சாவுக் கடவுள். அதே கேப்ரியல் வுல்ஃப் குரல், கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து.

இந்தக் கதைக்குப் பிறகும் ஒருவர் எழுத்தைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தால், அவர் விடையைவிட விளையாட்டை ரசிக்கிறவர். அதில் தப்பில்லை.

ரகசியமாக வைத்திருக்கிறார்கள் என்றால் பெரிய வில்லன் என்றுதானே அர்த்தம்?

2023 டிசம்பர் 2 அன்று வந்த 'வைல்ட் ப்ளூ யோண்டர்' இதற்கு நல்ல பதில். அறுபதாம் ஆண்டு ஸ்பெஷல்கள் மூன்றில் அது நடு. மற்ற இரண்டுக்கும் படங்களும் செய்திகளும் தாராளமாக வந்தன, இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. உடனே பழைய டாக்டர்கள் எல்லாரும் வரப்போகிறார்கள், மாட் ஸ்மித் வருகிறார், கபால்டி வருகிறார் என்று கிளம்பியது. ஒளிபரப்பானபோது பெரும்பகுதி நேரம் திரையில் இருந்தது டாக்டராக நடித்த டேவிட் டென்னன்டும் தோழியாக நடித்த கேத்தரின் டேட்டும்தான். வில்லன்களும் அவர்களே. உடலைச் சரியாக நகலெடுக்கத் தெரியாத, பெயரில்லாத இரண்டு ஜீவன்கள். நகல்கள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால் பயமே போய்விடும். அதற்காகத்தான் மறைத்தார்கள். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் அன்றிரவு ஏமாந்துபோனவர்கள் நிறையப் பேர்.

கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் பழைய வில்லன் வருவது வழக்கமா?

வழக்கமில்லை. வில்லன் பெயர் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியைத்தான்.

2005 முதல் 2017 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒன்றாகப் பதின்மூன்று ஸ்பெஷல்கள் வந்தன. முதல் மூன்றிலும் புதிய ஆட்கள். சைக்கராக்ஸ் படையெடுப்பாளர்கள், சிலந்தி உருவத்து ராக்னாஸ் பேரரசி, விண்கப்பல் முதலாளி மேக்ஸ் காப்ரிகார்ன். 2008இல் இயந்திர மனிதர்களான சைபர்மென், 2009இல் மாஸ்டர், 2012இல் அறுபதுகளிலிருந்து திரும்பிய 'கிரேட் இன்டெலிஜென்ஸ்', 2013இல் உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக் முதல் அழும் தேவதைகள் வரை பழைய எதிரிகளின் பெருங்கூட்டம். மிச்சத்தில் பெரும்பாலும் அந்த ஒரு நாளுக்கென்று செய்த வில்லன்கள். 2010இல் மைக்கேல் கேம்பன் நடித்த கஞ்சக் கிழவரை வில்லன் என்று சொல்வதே கஷ்டம். 2017இல் வந்த 'ட்வைஸ் அபான் எ டைம்' கதையில் வில்லனே கிடையாது. தீய திட்டம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் என்ன செய்வதென்று புரியாமல் டாக்டரே தடுமாறுகிறார். 2023இல் பூதக்குட்டிகள், 2024இல் ஓர் ஆயுத நிறுவனம்.

காரணம் எளிது. அந்த நாளில் டிவி முன்னால் உட்கார்பவர்களில் பாதிப் பேர் தொடரைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்கு 1985இன் வில்லியை யார் விளக்குவது?

பழைய வில்லன் வந்த வருடங்களில் 2009உம் 2013உம் டாக்டர் விடைபெறும் கதைகள். 2026இல் இருப்பது வேறு மாதிரி சிக்கல், வந்து நிற்பவர் யார் என்றே தெரியவில்லை.

டாலெக்குகள்?

வரலாம், எப்போதும் வரலாம். 2019, 2021, 2022 புத்தாண்டு ஸ்பெஷல்கள் மூன்றிலும், அப்போது தொடரை எழுதி நடத்திய கிறிஸ் சிப்னல் டாலெக்குகளையே கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் வில்லன் ஊகம் என்ற வேலையே இல்லை.

யாருமே எதிர்பார்க்காத வில்லன் வந்ததுண்டா?

2020 ஜனவரி 1, 'ஸ்பைஃபால்'. சாஷா தவன், ஓ என்ற உளவுத்துறை ஆளாக, கொஞ்சம் கூச்ச சுபாவத்தோடு வருகிறார். கதையின் முதல் பகுதி முடியும்போது அவர் மாஸ்டர் என்று தெரிகிறது. மிஸ்ஸியின் கதை 2017இல்தான் முடிந்திருந்தது, இவ்வளவு சீக்கிரம் மாஸ்டர் திரும்புவார் என்று அநேகமாக யாரும் நினைக்கவில்லை. எழுத்துப் புதிர், கண்சிமிட்டல், பின்னணியில் மர்ம இசை எதுவும் இல்லை. பாத்திரம் மர்மமாக நடந்துகொள்ளவே இல்லை, அதனால் யாரும் அவரை உற்றுப் பார்க்கவில்லை. மிஸஸ் ஃப்ளட் கேமராவைப் பார்த்து நேராகப் பேசியவர். அவரை ஊகிக்காமல் இருக்க முடியுமா?

நடிகர் தேர்வை வைத்துச் சொல்ல முடியுமா?

மற்ற எல்லா வழிகளையும்விட இது நம்பகமானது. 2022 ஜூனில், புதிதாக ஒப்பந்தமான அமெரிக்க நடிகர் நீல் பேட்ரிக் ஹாரிஸின் படம் வெளியானது. பழைய பாணி உடையையும் அந்தச் சிரிப்பையும் பார்த்து, 1966இல் மைக்கேல் காஃப் நடித்த டாய்மேக்கர் என்று சொன்னவர்கள் ஜெயித்தார்கள். அந்தப் பழைய கதையின் நான்கு பகுதிகளில் மூன்று பி.பி.சி. காப்பகத்திலேயே இல்லை, கடைசிப் பகுதி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல ஊகம் அது.

2009இல் டிமதி டால்டன் கதைசொல்லியாக வருகிறார் என்றபோது, அந்தக் குரலை வெறும் கதை சொல்ல அழைக்கமாட்டார்கள் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். டைம் லார்டுகளின் தலைவர் ராசிலானாக எழுந்து நின்றார். பெரிய நடிகருக்குச் சின்ன வேடம் என்று செய்தி வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

லீக் செய்திகளை நம்பலாமா?

ஆள் பெயர் சொல்லாத, தொடர் படமாகும் கார்டிஃப் நகரத்துப் படப்பிடிப்பில் இருந்த நண்பர் சொன்னார் வகையை ஒதுக்கிவிடுங்கள். உண்மையான லீக் நடந்ததுண்டு. 2014 ஜூலையில் அடுத்த சீசனின் முதல் ஐந்து கதைகளுடைய வசனப் பிரதிகள் வெளியே வந்துவிட்டன. பி.பி.சி. யாரும் பரப்ப வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததுதான் அழகு. 2013 மே மாதம், சீசன் முடிவுக் கதை ஒளிபரப்பாகும் முன்னரே அமெரிக்காவில் இருநூறு பேருக்கு மேல் ப்ளூ-ரே வட்டு தவறுதலாக அஞ்சலில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜான் ஹர்ட் டாக்டராக வரும் கடைசிக் காட்சி அதில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் டென்னன்டும் மாட் ஸ்மித்தும் சேர்ந்து பேசும் ஒரு வீடியோ தருகிறோம் என்று பி.பி.சி. சொன்னது. அத்தனை பேரும் காப்பாற்றினார்கள். வீடியோவும் வந்தது.

சரி, உங்கள் பந்தயம் யார் மேல்?

புதிதாக ஒரு சின்ன வில்லன், அந்த ஒரு மணி நேரத்தோடு முடிந்துபோகிறவன். கதையின் உண்மையான கேள்வி பில்லி பைப்பரின் முகமாகத்தான் இருக்க முடியும். அதை விளக்கவே நேரம் பத்தாது. அதற்கு மேல் ஒரு பெரிய பழைய வில்லனையும் ஏற்றினால் ஓமேகாவுக்கு நடந்ததுதான் நடக்கும். ஐம்பது வருடப் பெருமையோடு வந்து, சில நிமிடங்களில் ராட்சத எலும்புக்கூடாகத் தோன்றி, சுடப்பட்டுப் போனார். அந்தத் தப்பை உடனே இன்னொரு முறை செய்ய டேவிஸ் துணியமாட்டார் என்று நம்புகிறேன்.

மிஸஸ் ஃப்ளட் வந்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் வருவார். பில்லி பைப்பரே வில்லி என்ற ஊகத்தை நான் ஏற்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மக்கள் பார்க்க ஆசைப்படுகிற முகத்தைக் கொண்டுவந்து அதைக் கெட்டவளாக்குவது டேவிஸின் சுபாவம் இல்லை. பல்லை எடுத்த கைக்கு மட்டும் விடை வந்தாக வேண்டும், அவரே மறந்திருந்தாலும்.

ஸ்பெஷலுக்கு முன்னால் எதைப் பார்த்துவைப்பது?

நேரம் குறைவு என்றால் 'தி கிகிள்', 'தி ரியாலிட்டி வார்' இரண்டு போதும். கொஞ்சம் நேரம் இருந்தால் 2005 சீசனின் கடைசி இரண்டு கதைகளையும் 2013இன் 'தி டே ஆஃப் தி டாக்டர்' கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பில்லி பைப்பர் ஊகங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. ராணியின் 1987 கதையைத் தேடிப் பார்க்க வேண்டாம். கேட் ஓமாராவுக்காகப் பார்ப்பதென்றால் 1985 கதையைப் பாருங்கள், அது எவ்வளவோ தேவலை.